மலைக் கிராமத்தில் விலங்குவழி நோய்களைப் பற்றி எடுத்துச் சொல்வது எப்படி: நீலகிரிக்கான ஒரு வழிகாட்டி

விலங்குகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்களைப் பற்றி விழிப்புணர்வுக் கூட்டம் என்று அறிவித்து, நோய்களின் பெயர்களை வரிசையாக வாசித்து, துண்டறிக்கையைக் கையில் கொடுத்து, தேநீரோடு முடித்துக்கொள்வது எளிது. அப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றில் நான் பேசியும் இருக்கிறேன், பின்வரிசையில் அமர்ந்து கேட்டும் இருக்கிறேன். ஒரு மாதம் கழித்து அதே ஊரில் விசாரித்தால், “எலி, வௌவால் என்று ஏதோ சொன்னார்கள்” என்பதற்கு மேல் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் நோய்ப் பெயர்களுக்கு இரண்டாம் இடமே கொடுத்திருக்கிறேன். ஊரார் கைப்பழக்கமாக்கிக்கொள்ள வேண்டிய சில செயல்களுக்கும், அவற்றைப் பழக்குவிக்கும் முறைக்கும்தான் முதலிடம்.

அந்தச் செயல்களில் தலையாயது ஒன்று உண்டு. காய்ச்சல் என்று மருத்துவரிடம் போகிறவர், அதற்கு முந்தைய மூன்று வாரங்களில் தாம் போன இடத்தையும் தொட்ட விலங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். “நான்கு நாளாகக் காய்ச்சல்” என்று மட்டும் சொல்கிறவருக்கும், “நான்கு நாளாகக் காய்ச்சல், பத்து நாளுக்கு முன்னால் சுள்ளி பொறுக்கக் காட்டோரம் போயிருந்தேன்” என்று சொல்கிறவருக்கும் ஒரே மருத்துவர் வெவ்வேறு சோதனைகளை எழுதித் தருவார். பின்வருபவை எல்லாம் ஏதோ ஒரு வகையில் இந்த ஒரு வாக்கியத்தை ஊராரின் வாயில் வரவழைப்பதற்கான வழிகளே.

கூட்டத்துக்கு முன்னால்

முதலில் ஊரை ஒரு சுற்று நடந்து பாருங்கள். பால் எங்கே போகிறது, கன்று ஈன்றதும் நஞ்சுக்கொடியை என்ன செய்கிறார்கள், இறைச்சிக் கழிவை நாய்கள் எங்கே தின்கின்றன, குழந்தைகள் எந்த ஓடையில் இறங்குகிறார்கள், குரங்குகள் எந்தக் கூரையில் குதிக்கின்றன என்பவற்றை நேரில் கண்ட பிறகுதான் எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவு செய்ய முடியும். மசினகுடியில் பேச வேண்டியது கேத்திப் பள்ளத்தாக்குக்குப் பொருந்தாது. கேத்தியின் கேரட் தோட்டங்களுக்குரியது பந்தலூருக்குப் பொருந்தாது. அடுத்து, கால்நடை மருந்தகத்து உதவி மருத்துவரையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் ஒருசேரச் சந்தியுங்கள். ஒரே ஊரில் ஆண்டுக்கணக்காக வேலை செய்யும் இந்த இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இவர் மாட்டைப் பார்க்கிறார், அவர் மாட்டுக்காரரைப் பார்க்கிறார். நோய்க்கு இந்தப் பிரிவினை தெரியாது. பழங்குடிக் குடியிருப்பென்றால் அப்பகுதியின் வனக்காப்பாளரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். காட்டில் ஒரு விலங்கு செத்துக் கிடப்பதை முதலில் அறிகிறவர்கள் அவரும் வேட்டைத் தடுப்புக் காவலர்களும்தான்.

கூட்டத்தை யார் கூட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். படகர் ஹட்டியில், அதாவது படகர் இன மக்களின் ஊரில், ஊர்ப் பெரியவர்களிடம் முறையாகச் சொல்லி, அவர்கள் வாயிலாக அழைத்தால்தான் ஆட்கள் வருவார்கள். தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில், மாலையில் கொழுந்து எடை போட்டு முடித்துக் குளித்துவிட்டு வரும் நேரத்தைத் தவிர வேறு எந்த நேரமும் பயன்படாது. கூடலூர்ப் பக்கம் பணியர், காட்டுநாயக்கர் பாடிகளில் தமிழில் மட்டும் பேசிவிட்டு வந்தால், பாதிப் பேர் மரியாதைக்காகத் தலையாட்டியிருப்பார்கள். அந்தக் குடியிருப்பிலேயே பள்ளிப் படிப்பை முடித்த ஓர் இளம்பெண்ணை முன்கூட்டியே தயார் செய்து, அவர்கள் மொழியில் அவரையே பேசச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் அமர்ந்திருங்கள். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தோர் குடியிருக்கும் பகுதிகளில், லைன் வீட்டை ‘லயம்’ என்று சொன்னாலே பெரியவர்கள் முகம் மலர்ந்து பேச்சில் கலந்துகொள்வார்கள்.

ஒரு கூட்டத்தில் ஒரே பொருளைப் பற்றிப் பேசுங்கள்; நாற்பது நிமிடங்களுக்கு மேல் நீட்ட வேண்டாம்.

நாய்க்கடி: பதினைந்து நிமிடம் என்பது எவ்வளவு நேரம்

எந்த ஊரிலும் முதல் கூட்டத்தை நாய்க்கடியில் தொடங்குவதே நல்லது. எல்லோருக்கும் தெரிந்த பொருள் என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், ரேபிஸ் நோய்க்குறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆனால் கடித்தவுடன் முறையாகச் செயல்பட்டால் முழுமையாகத் தடுத்துவிடலாம். இவ்வளவு கூர்மையான வேறுபாட்டை வேறு நோயில் காட்டுவது கடினம். இந்த மலைக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கடிபட்டவர்கள் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்கு ரயிலேறிப் போக வேண்டியிருந்தது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகுதான் தென்னிந்தியாவுக்கு அந்த அலைச்சல் தீர்ந்தது. இதை ஊராரிடம் சொல்லுங்கள். நம் மலையிலேயே மருந்து செய்தார்கள் என்பதைக் கேட்டு நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்று சொன்னால் எல்லோரும் சரி என்பார்கள். வீட்டில் ஒரு நிமிடம் கழுவிவிட்டுத் துணி கட்டுவார்கள். ஆகவே சொல்லாமல் செய்து காட்டுங்கள். கூட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு வாலிபரைக் குழாயடியில் நிறுத்தி, காலில் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, ஊரார் முன்னிலையில் கடிகாரத்தைப் பார்த்துப் பேச்சைத் தொடருங்கள். ஐந்து நிமிடத்திலேயே அவர் “போதுமா?” என்று கேட்பார், கூட்டம் சிரிக்கும், பதினைந்து நிமிடம் முடியும்போது யாரும் அந்த நேரத்தின் நீளத்தை மறக்க மாட்டார்கள். கோடையில் குழாயில் நீர் வராத ஊர்களில் குடத்து நீரைச் செம்பால் மொண்டு ஊற்றிக் காட்டுங்கள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பையில் ஒரு துண்டு சோப்பு எப்போதும் இருக்கட்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

கழுவிய புண்ணில் சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை வெளிப்படையாக எடுத்துப் பேசி மறுக்க வேண்டும்: நாயைக் கவனிப்பது நல்லதுதான், ஆனால் ஊசியை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலுமாக நான்கு வேளை. தசையில் போடும் முறையில் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து வேளை. இரத்தம் வரும்படி ஆழமாகக் கடித்திருந்தால், புண்ணைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற தனி மருந்தும் தேவை. அது எந்த மருத்துவமனையில் கையிருப்பில் உள்ளது என்பதைக் கூட்டத்துக்கு முன்பே செவிலியரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, ஊரின் பெயரைச் சொல்லிக் கூறுங்கள். வயதானவர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசிகளின் பயம் இன்னும் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்டது என்றும், இப்போதைய ஊசி கையில் போடப்படுவது என்றும் சொன்னால், அவர்கள் பேரப்பிள்ளைகளை ஒளித்து வைக்க மாட்டார்கள்.

மலைக்கே உரிய இரண்டு செய்திகளை விட்டுவிட வேண்டாம். ஊட்டியிலும் குன்னூரிலும் தின்பண்டத்தைப் பறிக்கவரும் குரங்கு கீறினாலும் கடித்தாலும் நாய்க்கடிக்குரிய அதே கழுவலும் அதே ஊசியும் வேண்டும். கோத்தகிரி, குந்தா பகுதிகளில் கரடியோ சிறுத்தையோ தாக்கிப் பிழைத்தவர்களுக்குத் தையல் போடுவதிலேயே எல்லோர் கவனமும் போய்விடுகிறது. காட்டு விலங்கின் கடி எதுவானாலும் அதை மிகக் கடுமையான வகையில் சேர்த்து, ஊசியும் இம்யூனோகுளோபுலினும் தர வேண்டும் என்பதே நாட்டின் மருத்துவ வழிகாட்டுதல். உடன் போகிறவர் அதை மருத்துவரிடம் நினைவூட்டலாம். அது அவமரியாதை ஆகாது.

மூன்று உண்ணிகள்

நீலகிரியில் ‘உண்ணி’ என்ற சொல் பெருங்குழப்பத்தை விளைவிக்கிறது. மாட்டின் காதில் ஒட்டியிருப்பது உண்ணி. முதுமலை முழுவதும் மண்டிக் கிடக்கும் லாண்டானாப் புதர் உண்ணிச்செடி. போதாததற்கு, ஸ்க்ரப் டைஃபஸ் என்னும் நோயைச் செய்தித்தாள்கள் உண்ணிக்காய்ச்சல் என்று எழுதுகின்றன. ஆனால் அந்தக் காய்ச்சலைத் தருவது மாட்டுண்ணி அன்று. புதரிலும் எலி நடமாடும் புல்வெளியிலும் வாழும், கண்ணுக்கு ஏறக்குறையப் புலப்படாத ஒரு சிற்றுயிரின் இளம்பருவம். அதன் அளவு கடுகில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். “எங்கள் மாட்டில் உண்ணியே இல்லை, எனக்கு எப்படி உண்ணிக்காய்ச்சல் வரும்?” என்று கேட்கிறவருக்கு இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். ‘புதர்க்காய்ச்சல்’ என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு அது கைகொடுத்திருக்கிறது.

இதில் சொல்ல வேண்டிய செயல் ஒன்றே: உடம்பைத் தேடிப் பார்ப்பது. கடித்த இடத்தில், பீடி சுட்டதைப்போலக் கறுத்த பொருக்கு ஒன்று உண்டாகலாம். அது வலிக்காது, அரிக்காது. அதனால் இருப்பதே தெரியாது. அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் கீழ், இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம் என்று மறைவான பகுதிகளில்தான் பெரும்பாலும் இருக்கும். பெண்கள் வெட்கத்தால் மருத்துவரிடம் அதைக் காட்டுவதில்லை. மருத்துவரும் கூட்ட நெரிசலில் கேட்பதில்லை. ஆகவே பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்து, காய்ச்சல் கண்டவரின் உடலைத் தாயோ மகளோ வீட்டிலேயே விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, கண்டதைச் செவிலியரிடம் சொல்லும்படி கேட்டுக்கொள்ளுங்கள். பொருக்கு எல்லோருக்கும் வருவதில்லை என்பதால், காணவில்லை என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. காலத்தே கண்டுகொண்டால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே குணமாகும் நோய் இது. கர்ப்பிணிகளுக்கு வேறு மருந்து உண்டு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வழக்கமான சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் இதற்கு வேலை செய்யா. அவற்றைத் தின்று ஒரு வாரம் கழித்துப் போகும்போது நுரையீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

உண்மையான உண்ணியால் வருவது குரங்குக்காய்ச்சல். 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர் காட்டில் முதன்முதலில் கண்டறியப்பட்ட இந்த நோய், 2012–13இல் பந்திப்பூரிலும் அதை ஒட்டிய நீலகிரிப் பகுதியிலும் குரங்குகளில் காணப்பட்டது. 2015இல் வயநாட்டில் மனிதரிடையே பெரிய அளவில் பரவியது. பனி விழத் தொடங்குவதிலிருந்து கோடை மழை வரையிலான மாதங்கள்தான் இதன் காலம். நோயில் செத்த குரங்கின் உடலிலிருந்து உண்ணிகள் இறங்கிச் சுற்றுப்புறத்தில் பரவுவதால், செத்த குரங்கை இரக்கத்தால் எடுத்துப் புதைக்கும் நல்ல மனம்தான் இங்கே ஆபத்தாகிறது. அனுமனைப் புதைக்காமல் விடலாமா என்று கேட்பவர்களை நான் கண்டிருக்கிறேன். புதைக்க வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வனத்துறை ஆள் வரும்வரை அருகே போகாமல் காத்திருங்கள் என்று சொல்லுங்கள். விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும் அணிந்து, திரும்பியதும் உடையை வெந்நீரில் நனைத்து, உடம்பில் ஒட்டியதைச் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பீடியால் சுடுவதும் பயன்படா. ஸ்பிரிட் ஊற்றிய சிறு புட்டியில் இரண்டு மூன்று உண்ணிகளைப் போட்டுக் கூட்டத்தில் கைமாற்றிக் காட்டினால், சுவரொட்டி எதுவும் தேவைப்படாது.

திடீரெனச் செத்த மாடு

சீகூர்ப் பக்கம் காட்டோர மேய்ச்சல் ஊர்களில் இதற்கென்றே ஒரு கூட்டம் வைக்க வேண்டும். நேற்று மாலை நன்றாக மேய்ந்த மாடு காலையில் வயிறு உப்பிச் செத்துக் கிடக்கிறது. மூக்கிலோ வாயிலோ ஆசனவாயிலோ உறையாத கரிய இரத்தம் வடிகிறது. இது அடைப்பான் நோயாக இருக்கலாம். ஆந்த்ராக்ஸ் என்பது இதுதான். தொண்டை அடைப்பான் என்பது வேறு. அது மனிதருக்கு வருவதில்லை. பெயர் ஒற்றுமையால் ஊரார் இரண்டையும் ஒன்றாக எண்ணி, “போன தடவை தின்றோமே, ஒன்றும் ஆகவில்லையே” என்பார்கள். அந்த வாதத்துக்கு விடையோடு போங்கள்.

விதி எளியது: திடீரெனச் செத்த மாட்டை அறுக்கக் கூடாது, தோலுரிக்கக் கூடாது, இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. உடலைத் திறந்தால் கிருமிக்குக் காற்றுப் பட்டு, அது விதைபோன்ற வடிவெடுத்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். அதே மேய்ச்சலில் பேரப்பிள்ளைகளின் மாடும் சாகும். 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்சை அழைத்து, மருத்துவர் வந்து காது நுனியிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்க்கும்வரை நாயும் காக்கையும் அண்டாமல் காவல் இருக்க வேண்டும். பிறகு செத்த இடத்துக்கு அருகிலேயே ஆறடிக்குக் குறையாத குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைக்க வேண்டும். தெரியாமல் அறுத்தவர்களைத் திட்டிப் பயனில்லை. அவர்கள் கையில் ஒரு வாரத்துக்குள் வலியில்லாத கொப்புளம் தோன்றி நடுவில் கறுத்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதையும், ஆன்டிபயாட்டிக் மருந்தால் அது குணமாகும் என்பதையும் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்படுவோம் என்று பயப்படுகிறவர் கையை மறைப்பார்.

ஒரு சிக்கலையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக் கழுகுகள் பிழைத்திருப்பதற்குச் செத்த விலங்குகளின் உடல்கள் வேண்டும். அதனால்தான் உடல்களைக் காட்டில் விட்டுவிடும்படி சிலர் கேட்கிறார்கள். அடிபட்டோ முதுமையாலோ செத்ததை வனத்துறையிடம் கேட்டு அப்படி விடலாம். காரணம் தெரியாத திடீர்ச் சாவுக்கு அது பொருந்தாது.

மற்றவற்றைப் பருவம் பார்த்துச் சொல்லுங்கள்

கூடலூரில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் ஜூன் மாதத்திலும், குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்கு மழை பெய்யும் அக்டோபரிலும் எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேசலாம். எலியின் சிறுநீர் கலந்த நீரில், வெடிப்பும் புண்ணும் உள்ள காலோடு நிற்பதால் வருவது அது. காய்கறித் தோட்டத்தில் இறங்கும்போது ரப்பர் பூட்ஸ், இல்லாவிட்டால் புண்ணின் மேல் நீர் புகாத ஒட்டுத்துணி. கெண்டைக்கால் சதை தொட்டால் வலிக்கிறது, கண் சிவந்திருக்கிறது என்றால் தாமதிக்கக் கூடாது.

கறவை மாடு வைத்திருப்போரிடம் கன்று வீச்சு நோயைப் பற்றி, கோமாரித் தடுப்பூசி முகாம் நடக்கும் நாளில் பேசுவது வசதி. மாதம் நிறையாமல் கன்று போடும் மாட்டின் கழிவை வெறுங்கையால் தொட்டால், விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் தொடரலாம். கையில் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நஞ்சுக்கொடியை வைக்கோலில் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிடும் வழக்கம் சமவெளியிலிருந்து வந்த சில குடும்பங்களில் உண்டு. அதே மரத்தடியில் புதைத்தால் நம்பிக்கையும் கெடாது, நாயும் இழுத்துப் போகாது. கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாதத்துக்குள் வாழ்நாளில் ஒரே முறை போடும் ஊசி அரசுத் திட்டத்தில் இலவசம். பாலைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்பதைத் தனியே வலியுறுத்தத் தேவையில்லை. காய்ச்சாத பாலை யார் குடிக்கிறார்கள் என்று பார்த்து அந்த வீட்டில் மட்டும் சொன்னால் போதும்.

2018இல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவாலிடமிருந்து பரவும் நிபா வைரஸ் நோய் தோன்றியதிலிருந்து, கேரளத்தில் ஒவ்வொரு முறை செய்தி வரும்போதும் நாடுகாணி முதலிய சோதனைச்சாவடிகளை ஒட்டிய ஊர்களில் பதற்றம் பரவுகிறது. அப்போது கூட்டம் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். வதந்திக்கு விடை சொல்வதிலேயே நேரம் போய்விடும். அமைதியான மாதத்தில், வௌவால் கடித்த பழத்தையும் கீழே விழுந்து பல்தடம் பட்ட பழத்தையும் உண்ண வேண்டாம் என்பதையும், பழந்தின்னி வௌவால்கள் தங்கும் மரத்தை வெட்டினால் அவை அச்சத்தில் சிதறி நோயைக் கூடுதலாகப் பரப்பக்கூடும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கூட்டம் முடிந்த பிறகு

ஊருக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தேதி, என்ன விலங்கு, எந்த இடம், செத்ததா கடித்ததா, யாரிடம் சொன்னோம், யார் எப்போது வந்தார்கள் என்று ஆறு பத்திகள் போதும். முதல் பக்கத்தில் 1962 (கால்நடை ஆம்புலன்ஸ்), 108 (ஆம்புலன்ஸ்), 104 (மருத்துவ ஆலோசனை) ஆகிய எண்களையும் செவிலியரின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். தகவல் சொல்லியும் யாரும் வரவில்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை அலுவலகத்துக்குப் போகும்போது, வாய்ப்புகாரைவிட அந்த வரிக்குத்தான் மதிப்பு. மாதம் ஒருமுறை கால்நடை மருத்துவரும் செவிலியரும் அந்தப் புத்தகத்தைச் சேர்ந்து படித்தால், ஒரே வாரத்தில் இரண்டு குரங்குகள் செத்ததும் மூன்று வீடுகளில் காய்ச்சல் வந்ததும் ஒரே பக்கத்தில் அவர்கள் கண்ணில் படும்.

புத்தகத்தைத் தலைவர் வீட்டுப் பீரோவில் வைக்க வேண்டாம். கொழுந்து எடை போடும் கொட்டகையிலோ பால் ஊற்றும் இடத்திலோ, எல்லோர் கையும் எட்டும்படி ஆணியில் தொங்கவிடுங்கள். கூடவே நூலில் ஒரு பென்சிலையும் கட்டுங்கள். மூடுபனி மாதங்களில் ஈரமேறிய தாளில் பேனா மை ஊறிப் பரவிவிடுகிறது. பென்சில் எழுத்து அப்படியே நிற்கிறது.